பழைய டர்போ காரில் பெட்ரோல் அழுத்தக் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிதானமாக ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்து, பூஸ்ட் (டர்போ இஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறத் தொடங்கும் நேரத்தில் மட்டும் வண்டி திணறும், உதறும், இழுவை செத்துவிடும். பழைய டர்போ கார் வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். ஸ்பார்க் பிளக், சென்சார், பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைந்த பிறகுதான் பலர் பெட்ரோல் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டிப் பார்க்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியதே அதுதான்.

இங்கே பேசப்போவது பெரும்பாலும் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வந்த டர்போ பெட்ரோல் வண்டிகளைப் பற்றி. எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துத் தரும் ஃப்யூயல் ரெயில் குழாயின் முனையில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் என்ற அமைப்பு உள்ளவை. மற்ற வகைகளுக்குக் கீழே ஒரு கேள்வி தனியாக இருக்கிறது.

அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று எப்படிச் சந்தேகிப்பது?

மேட்டில் ஏறும்போதோ, ஓவர்டேக் செய்யும்போதோ இழுவை படிப்படியாகத் தளர்ந்தால் சந்தேகிக்கலாம். இஞ்சினிலிருந்து சரளைக்கல் உரசுவது போல நாக்கிங் சத்தம் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். காலையில் செல்ஃப் நீண்ட நேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆவது, சூடான வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் முரண்டு பிடிப்பது, டேங்க் கால்வாசிக்குக் கீழே போனதும் தொல்லை தொடங்குவது ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பின்சீட்டுப் பக்கம் பம்பின் ரீங்காரம் முன்பைவிடக் கூர்மையாகக் கேட்டால் அதையும் குறித்து வையுங்கள்.

ஆனால் இவை எல்லாமே சந்தேகத்துக்கு மட்டும்தான் போதும். இதே அறிகுறிகளைத் தேய்ந்த பிளக்கும் தரும், வெடித்த டர்போ ஹோஸும் தரும்.

டர்போ இல்லாத வண்டியில் இது இவ்வளவு பெரிய விஷயம் இல்லையே. டர்போவில் மட்டும் ஏன்?

இது புரிந்துவிட்டால் மற்ற எல்லாச் சோதனைகளுக்கும் அர்த்தம் தானாக விளங்கும்.

இன்ஜெக்டர் ஒரு சின்ன வால்வு. அது திறந்திருக்கும் நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் வெளியே போகும் என்பதை முடிவு செய்வது ரெயிலின் அழுத்தம் மட்டும் இல்லை. ரெயிலின் அழுத்தத்துக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இஞ்சின் மெதுவாக ஓடும்போது) மேனிஃபோல்டில் வேக்கூம், அதாவது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம், இருக்கும், அது பெட்ரோலை உறிஞ்சும். பூஸ்டில் நிலைமை தலைகீழ். டர்போ தள்ளும் காற்று இன்ஜெக்டர் முனையை எதிர்த்து அழுத்துகிறது. அதனால்தான் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் போகிறது. மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ, ரெயிலிலும் அதே அளவு ஏற்றி, வித்தியாசம் மாறாமல் பார்த்துக்கொள்வது அந்த ரெகுலேட்டரின் வேலை.

அடிப்படை அழுத்தம் 3 பார் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். ஐடிலில் 0.6 பார் வேக்கூம் என்றால் ரெயிலில் 2.4 பார் இருக்கும். பூஸ்ட் 0.8 பார் ஏறினால் ரெயிலில் 3.8 பார் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வித்தியாசம் அதே 3 பார்தான்.

இப்போது பம்ப் களைத்துப்போய், பூஸ்டிலும் ரெயில் 2.4 பாரிலேயே நின்றுவிட்டது என்று வையுங்கள். வித்தியாசம் 1.6 பாராகச் சுருங்கிவிட்டது. பெட்ரோல் அளவு இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். கணக்குப் போட்டால் வர வேண்டியதில் சுமார் 73 சதவீதம்தான் வருகிறது, கால்வாசிக்கும் மேல் குறைவு. சிலிண்டருக்குள் காற்று திணிக்கப்பட்டிருக்கும் நேரத்தில், சூடு உச்சத்தில் இருக்கும் நேரத்தில், கலவை லீன் ஆகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. பிஸ்டன் விளிம்பு உருகுவதும், ரிங் இருக்கும் பகுதி உடைவதும், ஹெட் கேஸ்கட் போவதும் இப்படித்தான். டர்போ இல்லாத இஞ்சின் அதே பம்போடு கொஞ்சம் மந்தமாக ஓடிக் காலத்தைக் கடத்தியிருக்கும்.

இன்னொன்றும் சேர்கிறது. அழுத்தம் ஏற ஏற எந்த பம்பும் தரும் அளவு குறையும். இஞ்சின் அதிகம் கேட்கும் நேரமும் பம்புக்கு வேலை கடினமாகும் நேரமும் ஒன்றாக வருகின்றன. தேய்ந்த பம்ப் முதலில் மாட்டிக்கொள்வது பூஸ்டில்தான் என்பதற்குக் காரணம் இது.

என் வண்டிக்கு எத்தனை பார் இருக்க வேண்டும்?

வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் இறுதி. அந்தக் காலத்து வண்டிகளில் ரெகுலேட்டர் ஹோஸைக் கழற்றி வைத்து அளந்தால் பெரும்பாலும் 2.5 பார் அல்லது 3 பார் காட்டும். பிஎஸ்ஐ கேஜ் என்றால் 36, 43.5. ஹோஸை மாட்டியதும் ஐடிலில் அந்த எண்ணிலிருந்து ஏறக்குறைய அரை பார் இறங்க வேண்டும். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, அதாவது 100 கிலோபாஸ்கல்.

ஒரே மாடலிலேயே கியர்பாக்ஸ் வகை, ஆண்டு, சந்தை ஆகியவற்றைப் பொறுத்து எண் மாறுவது உண்டு. பக்கத்து வீட்டு வண்டியின் எண்ணை உங்கள் வண்டிக்கு வைத்துப் பார்க்காதீர்கள்.

கேஜை எங்கே மாட்டுவது? எதில் கவனம் வேண்டும்?

சில வண்டிகளில் ரெயிலிலேயே டயர் வால்வு மாதிரி ஒரு சோதனை வால்வு இருக்கும். அதில் கேஜை நேராகத் திருகிவிடலாம். இல்லாத வண்டிகளில் ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸில் ஒரு டி இணைப்புப் போட வேண்டும். கேஜ் 7 பார்வரை காட்டுவதாக இருந்தால் போதும். 20 பார் கேஜில் 0.3 பார் வித்தியாசம் கண்ணில் படாது.

லைனைத் திறக்கும் முன் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். அதன் பிறகு பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். அப்படியும் இணைப்பைத் தளர்த்தும்போது கொஞ்சம் பீய்ச்சும், எனவே துணி சுற்றிக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும், ஏனென்றால் டர்போ வண்டியில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்பைனும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். அதன் மேல் ஒரு தேக்கரண்டி பெட்ரோல் விழுந்தாலும் தீப்பிடிக்கும். திறந்த இடம், கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை, எட்டும் தூரத்தில் பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பான் ஆகிய நான்கும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். பழைய மஞ்சள் பல்புக் கைவிளக்கையும் தள்ளி வையுங்கள், உடைந்தால் அதன் இழையே தீக்குச்சி.

கேஜ் ஹோஸைக் காருக்குள் கொண்டுவந்து டேஷ்போர்டில் வைத்துப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒரு கிளிப் நழுவினால் ஓட்டுபவரின் மடியில் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் பாயும்.

ஐடிலில் அழுத்தம் சரியாகக் காட்டுகிறது. அப்படியானால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்தானே?

இல்லை. ஐடிலில் இஞ்சின் குடிப்பது சொட்டுச் சொட்டாகத்தான். பம்ப் தள்ளுவதில் பெரும்பகுதி ரிட்டர்ன் வழியாக டேங்குக்கே திரும்பிப்போகிறது. பாதி செத்த பம்பும், பாதி அடைத்த ஃபில்டரும் ஐடில் அழுத்தத்தைத் தாராளமாகக் காப்பாற்றிக் காட்டும். முறுக்கிவிட்டுப் பார்த்தாலும் அதே கதைதான், லோடு இல்லாமல் இஞ்சினுக்குத் தாகம் வராது.

உண்மை தெரிய வேண்டுமென்றால் பூஸ்டில் அளக்க வேண்டும். கேஜ் ஹோஸை பானட்டின் பின் விளிம்பு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன்கண்ணாடிக்கு வெளிப்புறம் டேப் போட்டு ஒட்டி, வைப்பரை அதன்மேல் படிய விடுவேன். ஹோஸ் பானட் ஓரத்தில் நசுங்காமல் இருக்கிறதா, கசிகிறதா என்று இஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே வண்டி நகரும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். முள்ளைப் படிக்கப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும், அல்லது போனில் வீடியோ எடுக்கலாம். போக்குவரத்து இல்லாத இடத்தில் மூன்றாவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து மெல்ல மிதித்து, முதலில் 0.2, 0.3 பார் பூஸ்டோடு நிறுத்துங்கள். முள் அடிப்படை எண்ணைத் தாண்டி ஏறியிருந்தால் மட்டுமே அடுத்த முறை கொஞ்சம் கூட்டுங்கள். டைனோ (நின்ற இடத்திலேயே லோடு கொடுத்து வண்டியை ஓட்டிப் பார்க்கும் உருளை மேடை) வசதி இருந்தால் இதைவிட நல்லது.

நல்ல வண்டியில் ரெயில் முள்ளும் பூஸ்ட் முள்ளும் கைகோத்துக்கொண்டு ஏறும். கோளாறுள்ள வண்டியில் ரெயில் முள் கொஞ்சம் ஏறும், ஒரு நொடி தயங்கி நிற்கும், பிறகு பூஸ்ட் ஏற ஏற இது இறங்கும். அந்தத் தயக்கத்தைக் கண்ட உடனே காலை எடுத்துவிடுங்கள். தேவையானது கிடைத்துவிட்டது.

ரோட்டில் ஓட்டிப் பார்க்க பயமாக இருக்கிறது. நின்ற இடத்திலேயே சோதிக்க முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ரெகுலேட்டரின் வேக்கூம் ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டுப் பக்கத்தை அடைத்துவிட்டு, ரெகுலேட்டர் பக்கத்தில் கேஜ் உள்ள ஒரு கைப்பம்பை மாட்டுங்கள். இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு மெதுவாகக் காற்றை ஏற்றுங்கள். 0.5 பார் ஏற்றினால் ரெயிலும் 0.5 பார் ஏற வேண்டும். 0.8 ஏற்றினால் 0.8. அப்படி ஏறினால் ரெகுலேட்டர் நல்லது. கைப்பம்பின் அழுத்தம் தானாக இறங்கினால் உள்ளே டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது. வண்டியின் இயல்பான பூஸ்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது படி அளவைப் பார்ப்பது. இஞ்சினை நிறுத்திவிட்டு, ரெகுலேட்டரிலிருந்து டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, அளவுக்கோடு உள்ள பெட்ரோல் கேனுக்குள் விடுங்கள். பம்ப் ரிலே சாக்கெட்டில் ஃபியூஸ் உள்ள ஜம்பர் வயர் போட்டு பம்பை மட்டும் ஓட்டுங்கள். பேட்டரியில் சார்ஜர் இணைத்து வோல்டேஜ் 13.5 அளவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜரும் அதன் கிளிப்புகளும் பெட்ரோல் கேனிலிருந்து தள்ளி இருக்கட்டும். ரெகுலேட்டரில் உங்கள் உச்ச பூஸ்ட் அளவு காற்றை ஏற்றி வைத்து, 30 நொடியில் கேனில் எவ்வளவு விழுகிறது என்று அளங்கள். பூஸ்டில் இஞ்சினுக்கு பம்ப் உண்மையில் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது இதில் தெரிந்துவிடும்.

எவ்வளவு வந்தால் போதும்? டர்போ பெட்ரோல் இஞ்சினில் ஒவ்வொரு 100 குதிரைத் திறனுக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.6 லிட்டர் பெட்ரோல் தேவைப்படும். 200 குதிரைத் திறன் என்றால் 1.2 லிட்டர், அதாவது 30 நொடியில் 600 மில்லி. இது வெறும் தேவை மட்டும். 750 மில்லிக்கு மேல் விழுந்தால் நிம்மதி. 500 மில்லிதான் விழுந்தது என்றால் ரோட்டுச் சோதனையே தேவையில்லை, குறை கண்ணெதிரே கேனில் இருக்கிறது.

புது பம்ப் போட்டேன், புது ஃபில்டர் போட்டேன். அப்படியே இருக்கிறதே?

வோல்டேஜைப் பாருங்கள். முப்பது வயதான வண்டியில் பம்பைவிட அதற்குப் போகும் வயரிங்தான் அதிகம் களைத்திருக்கும்.

இரண்டு பம்ப் மாற்றியும் தீராத ஒரு வண்டி என்னிடம் வந்தது. பேட்டரியில் 13.8 வோல்ட். மல்டிமீட்டரின் வயரை நீட்டி பம்பின் இணைப்பிலேயே வைத்து, ரெகுலேட்டரில் கைப்பம்பால் 0.8 பார் ஏற்றிப் பார்த்தோம். 10.6 வோல்ட்தான் இருந்தது. பின்சீட்டைத் தூக்கி, டேங்கின் மேல் பம்ப் மூடியில் உள்ள மின் பிளக்கைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் காபிக் கறை மாதிரிப் பழுப்பு வளையம். பின் உள்ளே தளர்ந்து, விரலால் தொட்டாலே ஆடியது. அதன் வயரின் ரப்பர் இரண்டு அங்குலம்வரை விறைத்திருந்தது. பிளக்கையும் எர்த் வயரையும் புதிதாகப் போட்டதும் அதே பம்பில் 13.4 வோல்ட் கிடைத்தது, ரெயிலில் 3.8 பார் அசையாமல் நின்றது. கழற்றி எறிந்த முதல் பம்பும் நல்லதாகவே இருந்திருக்கலாம் என்று அந்த வண்டிக்காரர் வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான்.

அளக்கும் முறை இதுதான். பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பிளக் மாட்டியே இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி அளந்தால் கெட்ட வயரும் 12 வோல்ட் காட்டும். பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்ப் பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரு முறை, பம்ப் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ஒரு முறை பாருங்கள். எதிலாவது அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அந்தப் பாதையில் எங்கோ எதிர்ப்பு இருக்கிறது. ரிலேயைத் திறந்து சால்டர் இணைப்புகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்னைச் சுற்றி முடி மாதிரி ஒரு வளைய விரிசல் ஓடும், வண்டி சூடானதும் அது விரியும். பழைய வோல்வோ 240, 740 வண்டிகளின் பம்ப் ரிலே இதற்குப் பேர்போனது.

சில வண்டிகளில் பம்புக்கு இரண்டு வேகம் உண்டு. ஐடிலில் ஒரு ரெசிஸ்டர் அல்லது தனிக் கண்ட்ரோல் யூனிட் வழியாகக் குறைந்த வோல்டேஜ், லோடில் முழு வோல்டேஜ். அந்த மாற்றம் நடக்காமல் போனால் ஐடிலில் எல்லாம் சுத்தமாக இருந்து, பூஸ்டில் மட்டும் பட்டினி கிடக்கும். உங்கள் வண்டியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று வயரிங் படத்தில் பார்த்துக்கொண்டு பிறகு அளங்கள். தெரியாமல் அளந்தால் ஐடிலில் வரும் 9 வோல்ட்டைப் பார்த்து வீணாக வயரைத் தேடுவீர்கள்.

ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

வேக்கூம் ஹோஸைக் கழற்றி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டியதுதான். கறுப்புப் புகையும், சூடான ஸ்டார்ட்டில் முரண்டும் கூடவே இருக்கும்.

ரெகுலேட்டரைவிட அடிக்கடி கெடுவது அந்த ஹோஸ்தான். விறைத்துப் போய், கிளிப் இல்லாமல், ஐடில் வேக்கூமில் ஒட்டிக்கொண்டு பூஸ்டில் கழன்றுவிடும். கழன்றால் ரெயில் 3 பாரிலேயே நிற்கும். 0.8 பார் பூஸ்டில் பெட்ரோல் 14 சதவீதம் குறையும். முன்பு யாரோ வேலை செய்தபோது வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் தடுக்கும் வால்வு) ஹோஸையும் இதையும் இடம் மாற்றிச் செருகிய வண்டிகளும் உண்டு. ஹோஸ் நேராக மேனிஃபோல்டிலிருந்து வருகிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போய் உறுதி செய்யுங்கள். திராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவு) முன்பக்கம் இருந்து வந்தால் தவறு.

காலையில் செல்ஃப் நீண்ட நேரம் எடுக்கிறது. ஸ்டார்ட் ஆன பிறகு தொல்லை இல்லை.

ரெயிலில் இரவு அழுத்தம் நிற்கவில்லை. சாவியை ஆன் செய்து, பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்துவிட்டு செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொள்கிறதா? அப்படியானால் இதுதான். சாவி ஆன் செய்ததும் பம்பை ஓட்டாத வண்டிகளும் உண்டு, அவற்றில் ரிலே ஜம்பர் போட்டுப் பாருங்கள்.

கேஜ் மாட்டி வண்டியை நிறுத்துங்கள். சில நிமிடத்தில் முள் பூஜ்யத்துக்குப் போனால் கசிவு. மறுபடி அழுத்தம் ஏற்றி, பம்ப் நின்ற உடனே ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை அதற்கான கிளாம்பால் அடையுங்கள். இப்போது முள் நின்றால் ரெகுலேட்டர்தான் விடுகிறது. நிற்காவிட்டால், அடுத்த முறை டேங்கிலிருந்து வரும் ஹோஸை அடையுங்கள். நின்றால் பம்பின் செக் வால்வு (பெட்ரோல் பின்னோக்கி வராமல் தடுப்பது), அல்லது டேங்குக்குள் இருக்கும் ஹோஸ். இரண்டையும் அடைத்தும் இறங்கினால், வெளியே எங்கும் ஈரமில்லை என்றால், ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கறுத்து நனைந்திருக்கும். பிளாஸ்டிக் லைனையும் விரிசல் விட்ட பழைய ரப்பரையும் கிளாம்ப் போட்டு நசுக்காதீர்கள், உடைந்துவிடும்.

டேங்குக்குள் என்னென்ன கெடும்?

பம்பின் அடியில் உள்ள சல்லடைப் பை துருவும் அழுக்கும் பிடித்து அடைக்கும். அடைத்தால் பம்ப் வீறிடும். நிறுத்திச் சற்று நேரம் விட்டால் அழுக்கு கீழே உதிர்ந்து வண்டி மறுபடி நன்றாக ஓடும். பிறகு அதே கதை.

பம்பிலிருந்து பம்ப் மூடிவரை போகும் குட்டி ஹோஸில் மயிரிழை விரிசல் விட்டால், பம்ப் தள்ளுவதில் பாதி டேங்குக்குள்ளேயே பீய்ச்சியடிக்கும். வெளியே ஒரு சொட்டு கூடத் தெரியாது. இந்த ஹோஸை மாற்றும்போது வெளிப்புறத்துக்கான 30ஆர்9 வகையைப் போடாதீர்கள். பெட்ரோலில் மூழ்கியே கிடப்பதற்கு எஸ்ஏஇ தரத்தில் 30ஆர்10 என்று தனி வகை இருக்கிறது. மற்றது வெளிப்புறமிருந்து ஊறி உப்பி, மெழுகு மாதிரிப் பிய்ந்துபோகும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

பெட்ரோல் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் வென்ட் (டேங்குக்குள் காற்று போகும் வழி) அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்து மூடியதும் கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, மறுபடி திணறத் தொடங்கினால் அதுவேதான்.

பூஸ்டிலும் அழுத்தம் சரியாக ஏறுகிறது. ஆனால் திணறல் போகவில்லை.

நல்ல செய்தி, பெட்ரோல் சப்ளையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

பூஸ்டில் கறுப்புப் புகையும் மந்தமும் இருந்தால் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைப்பது) ஹோஸ்களைப் பாருங்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டியில், அளந்து உள்ளே விட்ட காற்று வழியில் கசிந்துவிடும். கம்ப்யூட்டர் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும்.

சுவரில் மோதியது போலச் சட்டென்று வெட்டி, மறு நொடி திரும்ப வந்தால் அது பெரும்பாலும் ஓவர்பூஸ்ட் கட், பூஸ்ட் அளவு மீறியதும் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே செய்வது. பட்டினியால் வரும் திணறல் இப்படி வெட்டாது, தொய்ந்து தொய்ந்து இறங்கும்.

படபடவென்று உதறினால் பிளக், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. பூஸ்டில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படுவதால் இடைவெளி கூடிய பிளக் அங்கேதான் கைவிடும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மிஸ்ஸிங் ஆகும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வரும். ஆக்சிஜன் சென்சார் பார்ப்பது ஆக்சிஜனை மட்டும். அதனால் லீன் என்று பொய் சொல்லும். வைட்பேண்ட் மீட்டர் (எக்ஸாஸ்டில் கலவையை அளப்பது) லீன் காட்டி, ரெயில் அழுத்தம் சரியாக இருந்தால், பிளக் பக்கம் திரும்புங்கள்.

ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்த அளவு) படிக்க முடிகிற வண்டி என்றால் அதுவும் வழிகாட்டும். ஐடிலில் கூடுதலாக இருந்து வேகத்தில் குறைந்தால் வேக்கூம் கசிவு. ஐடிலில் சரியாக இருந்து லோடு கூடக் கூட ஏறினால் சப்ளையோ, அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சாரோ.

அழுத்தம் அதிகமாக இருந்தால்?

ரெகுலேட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ரிட்டர்ன் லைன் நசுங்கியிருக்கும். ரிட்டர்னைக் கழற்றிக் கேனில் விட்டுப் பாருங்கள். அழுத்தம் இறங்கினால் லைன், இறங்காவிட்டால் ரெகுலேட்டர்.

சோதனையெல்லாம் எதற்கு? பெரிய பம்பும் அட்ஜஸ்ட் செய்யும் ரெகுலேட்டரும் போட்டுவிட்டால் தீராதா?

தீரலாம், தீராமலும் போகலாம். கெட்ட வயரில் பெரிய பம்ப் போட்டால் அது இன்னும் அதிகக் கரண்ட் இழுத்து வயரை இன்னும் சூடாக்கும். பழைய ரெகுலேட்டரும் ரிட்டர்ன் லைனும் அவ்வளவு பெட்ரோலைத் திருப்பி அனுப்ப முடியாமல் ஐடில் அழுத்தம் ஏறிக்கொண்டே போவதும் உண்டு. மணிக்கு 255 லிட்டர் தரும் பம்பை ஒரிஜினல் ரெகுலேட்டரோடு போட்ட மிட்சுபிஷி 4ஜி63 டர்போ வண்டிகளில் இது நன்கு தெரிந்த தொல்லை.

ரெகுலேட்டரைத் திருகி 3 பாரை 3.5 ஆக்கினால் பெட்ரோல் சுமார் 8 சதவீதம் கூடும். ஆனால் எல்லா இடத்திலும் கூடும், ஐடிலிலும். களைத்த பம்புக்கு அந்தக் கூடுதல் அழுத்தமே பாரம். குறையைத் திருகி மறைத்த வண்டிகளைத்தான் பிறகு சரிசெய்வது மிகக் கடினம்.

கே-ஜெட்ரானிக் உள்ள வண்டிக்கும் இது பொருந்துமா? டீசலுக்கு?

சாப் 99 டர்போ, போர்ஷே 930, வோல்வோ 240 டர்போ போன்றவற்றில் உள்ள மெக்கானிக்கல் கே-ஜெட்ரானிக் வேறு உலகம். அதில் சிஸ்டம் அழுத்தம் வண்டியைப் பொறுத்து 5 பார் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும், கண்ட்ரோல் அழுத்தம் என்று இன்னொன்றும் தனியாக உண்டு. அதற்கென உள்ள வால்வோடு கூடிய கேஜ் செட்டும் மேனுவலும் வேண்டும். வோல்டேஜ், டேங்க், ஃபில்டர் பற்றிச் சொன்னவை மட்டும் அதற்கும் பொருந்தும்.

காமன் ரெயில் டீசலில் இந்தச் சோதனைகளைச் செய்யவே கூடாது. அங்கே 1000 பாருக்கும் மேல் ஓடும். தளர்ந்த இணைப்பிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கோளாறு தெரியும்வரை வண்டியை ஓட்டலாமா?

பெட்ரோல் வாடை இல்லை, கசிவு இல்லை என்றால் பூஸ்ட் ஏறாமல் மெதுவாக ஓட்டலாம். நாக்கிங் கேட்டால் அதுவும் வேண்டாம். ஒரே ஒரு முறை முழு பூஸ்டில் பார்த்துவிடுவோம் என்ற ஆசையில் போன பிஸ்டன்களைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். விளிம்பில் எலி கொறித்தது போல இருக்கும்.

வேலை முடிந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

கேஜை உடனே கழற்றாதீர்கள். கைப்பம்புச் சோதனையை மறுபடி செய்து எண்களை எழுதி வையுங்கள். அடிப்படை அழுத்தம், ஐடில் அழுத்தம், பூஸ்ட் அளவில் அழுத்தம், பம்பில் வோல்டேஜ், 30 நொடியில் விழுந்த மில்லி. இரண்டு வருடம் கழித்து ஏதாவது சந்தேகம் வந்தால் அந்தத் தாள் மேனுவலைவிட அதிகம் உதவும். டி இணைப்பை எடுத்துவிட்டு ஹோஸைத் திரும்ப மாட்டும்போது பழைய கிளிப்பைப் போடாமல் இன்ஜெக்‌ஷன் ஹோஸுக்கான புதிய கிளிப்பைப் போடுங்கள். அன்று இரவு வண்டி நிற்கட்டும். மறுநாள் காலையில், இஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது, சாவியை மட்டும் ஆன் செய்து, கை வைத்த ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சூட்டில் இறுகி நின்ற ஹோஸ் குளிரில் சுருங்கிக் கசிவது அப்போதுதான் தெரியும்.